துடுப்பி கண்டெடுத்த நீலக்கல்

கருங்காலிக் காட்டின் நடுவே மணியாறு ஓடியது. அந்த ஆற்றங்கரை வளை ஒன்றில் துடுப்பி என்ற பெண் நீர்நாய் வாழ்ந்து வந்தது.

துடுப்பியைப் போல மூச்சடக்கி முங்க அந்தக் காட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் காட்டுக்கே முக்கியமான வேலை ஒன்று துடுப்பியிடம் இருந்தது. மழைக்கால வெள்ளம் வடிந்ததும் ஆற்றின் அடிவரை முங்கி, கூழாங்கற்களைப் புரட்டி, அவற்றுக்கு நடுவே வைரக்கல் கிடக்கிறதா என்று தேட வேண்டும். கிடைத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மேலே வர வேண்டும்.

காட்டு விலங்குகளுக்கு வைரம் எதற்கு?

தண்ணீருக்குத்தான். கோடை வந்தால் மணியாறு வற்றிவிடும். மணலைத் தோண்டினாலும் சேறுதான் வரும். வற்றாத தண்ணீர் மலைமேல் இருந்த யானைமடுவில் மட்டுமே உண்டு. மடு யானைகளுக்குச் சொந்தம். யானைக் கூட்டத்தின் தலைவி மதங்கிக்குத் தன் நெற்றிப்பட்டத்தில் வைரம் பதித்துக்கொள்ள ஆசை. ஆனால் யானையால் ஆற்றடியில் கல் பொறுக்க முடியுமா? ஆகவே இரு தரப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன.

ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முதல் நாள், மலையடிவாரத்தில் மதங்கியிடம் ஒரு வைரத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தக் கோடைக்கு மடுவில் இறங்கலாம். கல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார் யார் பெயரைச் சொல்கிறாரோ, அவர்கள் மட்டும் தண்ணீர் குடிக்கலாம். எப்போதும் சிங்கராஜாதான் கல்லைக் கொண்டுபோகும். போய், "எங்கள் காட்டில் மூச்சு விடும் எல்லாரும்" என்று சொல்லிவிடும். அதனால் அந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை.

யோசித்தது ஒரே ஒரு நரி. அதன் பெயர் வக்கணையன்.

வக்கணையன் காட்டின் கல் பரிசோதகன். துடுப்பி கொண்டுவரும் கற்களைப் பார்த்து, இது வைரம், இது வெறுங்கல் என்று பிரித்துச் சொல்லும் பதவி அதனுடையது. அந்தப் பதவி அதற்கு வாய் சாமர்த்தியத்தால் கிடைத்தது. பேச ஆரம்பித்தால் தேனில் நனைத்த பலாச்சுளைபோல வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். எதற்குத் தலையாட்டினோம் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் துடுப்பிக்கு மஞ்சள் நிறக் கல் ஒன்று கிடைத்தது. ஆவாரம்பூவைப் பிழிந்து உறைய வைத்தாற்போல் இருந்தது. துடுப்பி ஆசையோடு அதைக் கொண்டுபோய் வக்கணையன் முன்னால் வைத்தது.

வக்கணையன் கல்லைப் பார்த்தது. அதன் காது இரண்டும் விறைத்து நின்றன. மறுகணமே முகத்தைச் சுளித்துக்கொண்டது.

"ஐயோ பாவம். இந்தக் கல்லுக்குக் காமாலை" என்றது.

"கல்லுக்குக் காமாலை வருமா, வக்கணையாரே?"

"வரும், துடுப்பி. வைரம் என்றால் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். நிறம் வந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருள். இதைக் கரையில் போட்டால் தொட்டவர்களுக்கும் தொற்றும். நான் தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறேன். நீ போய்க் கையைக் கழுவு."

துடுப்பி பயந்துபோய் ஆற்றில் மூன்று முறை முங்கி எழுந்தது. அடுத்த ஆண்டு கொய்யாப்பழத்தின் உள்சதைபோல இளஞ்சிவப்புக் கல் ஒன்று கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு பச்சைக் கல் ஒன்று. இரண்டையும் பார்த்து வக்கணையன் அதே பாட்டைத்தான் பாடியது. அதேபோல வாயில் கவ்விக்கொண்டு புதர்களுக்குள் ஓடியது.

தொற்றுநோய் என்று சொன்ன கல்லை வாயில் கவ்வுகிறதே என்று துடுப்பிக்கு அப்போதே ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. ஆனால் நரிக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று அந்தச் சந்தேகத்தை விழுங்கிவிட்டது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. தை மாதமே ஆறு முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. துடுப்பி விடிந்தது முதல் பொழுது சாயும் வரை முங்கித் தேடியது. பட்டத்தில் பதிக்கும் அளவுக்கு வெள்ளை வைரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மாசி முடிய இரண்டு நாள் இருந்தது. கரைக்கு வந்து நின்ற விலங்குகள் ஒவ்வொன்றும் துடுப்பியின் வாயையே பார்த்தன. ஒவ்வொரு முறையும் துடுப்பி வெறும் வாயைத் திறந்து காட்டியது.

துள்ளி என்ற புள்ளிமானும் தினமும் வந்து நின்றது. அது எதுவும் கேட்காது. சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். அதன் முகத்தை மட்டும் துடுப்பியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. துடுப்பியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத காரணம்.

மாசியின் கடைசிக்கு முந்தைய நாள் துடுப்பி சுழிக்கிடங்குக்குப் போனது. ஆற்றில் ஆழமான இடம் அது. அடியில் பாறைப் பொந்து உண்டு. உள்ளே நுழைந்தால் திரும்பி வர இடம் போதாது. பின்பக்கமாகவே நகர்ந்து வர வேண்டும். அதுவரை துடுப்பி அந்தப் பொந்துக்குள் போனதே இல்லை.

அன்று போனது. மூச்சு முட்டியது. கண்ணுக்கு முன்னால் மின்மினிகள் பறந்தன. முன்னங்கைகளால் சரளைக்கற்களைத் துழாவியது. எட்டு முகம் கொண்ட கல் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அதை வாயில் அடக்கிக்கொண்டு, தோலெல்லாம் பாறையில் உரச, பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தது.

கரையில் உட்கார்ந்து கல்லைத் துப்பிப் பார்த்தது.

கல் நீலமாக இருந்தது. வேலியில் படரும் சங்குப்பூவின் நீலம்.

"இதுவும் நோய் பிடித்த கல்லா? இதற்காகவா சாகப் பார்த்தேன்?" என்று முணுமுணுத்தது.

அழக்கூடத் தெம்பில்லாமல் மல்லாந்து படுத்தது. நீர்நாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனம் சரியில்லாதபோது மல்லாந்து படுத்துக்கொண்டு கூழாங்கற்களைக் கைமாற்றி உருட்டி விளையாடும். துடுப்பியும் பக்கத்தில் கிடந்த பளிங்குக்கல் ஒன்றை எடுத்து, அதையும் நீலக்கல்லையும் வயிற்றின்மேல் போட்டு உருட்டத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அதன் கை நின்றது. பளிங்கில் ஒரு கீறல் இருந்தது. புதிய கீறல்.

துடுப்பி எழுந்து உட்கார்ந்தது. நீலக்கல்லின் முனையால் பளிங்கை வேண்டுமென்றே கீறியது. பளிச்சென்று கோடு விழுந்தது. பளிங்கின் முனையால் நீலக்கல்லைக் கீறியது. பளிங்கு முனைதான் மழுங்கியது. நீலக்கல்லில் ஒன்றுமில்லை. இப்படி நடப்பது வைரத்துக்கு மட்டும்தான் என்று துடுப்பிக்குத் தெரியும். எத்தனை வெள்ளை வைரங்களை அது இதே கைகளில் உருட்டியிருக்கிறது.

இன்னொன்றும் தெரியும். நனைந்த மூக்கோடு கல்லை முகரும்போதெல்லாம் அது கவனித்த விஷயம். துடுப்பி பளிங்கின்மேல் வாயால் ஊதியது. ஆவி படர்ந்து பளிங்கு மங்கியது. மெதுவாகத்தான் தெளிந்தது. நீலக்கல்லின்மேல் ஊதியது. ஆவி படர்ந்ததா என்று பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது. வெள்ளை வைரமும் அப்படித்தான்.

பிறகு கல்லைத் தண்ணீரில் முக்கித் தேய்த்தது. மணலில் புரட்டித் தேய்த்தது. நிறம் துளியும் போகவில்லை.

"நோயாவது, நொடியாவது. இது வைரம்தான்" என்றது துடுப்பி. "அப்படியானால் அந்த மஞ்சள்? அந்தச் சிவப்பு? அந்தப் பச்சை?"

விழுங்கிவைத்த சந்தேகமெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

மறுநாள் காலையில் சிங்கராஜா சபையைக் கூட்டியிருந்தது. பெரிய மருதமரத்தின் கீழே விலங்குகள் எல்லாம் கூடியிருந்தன. சிங்கராஜாவுக்கு வலப்பக்கம் திமிலன் என்ற காட்டெருது நின்றது. இடப்பக்கம் வக்கணையன் உட்கார்ந்திருந்தது.

"நாளை பங்குனி. நம்மிடம் கல் இல்லை" என்றது சிங்கராஜா. "வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வக்கணையன்தான் ஒரு வழி சொல்லியிருக்கிறான். அவன் மட்டும் தனியாக மலைக்குப் போய் மதங்கியம்மாவிடம் பேசிப் பார்க்கிறானாம். அவன் பேச்சுக்கு மயங்காதவர் யார்?"

வக்கணையன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் துடுப்பி உடம்பெல்லாம் சிராய்ப்போடு சபைக்குள் வந்தது. நீலக்கல்லைச் சிங்கராஜாவின் காலடியில் வைத்தது.

"ராஜா, கல் கிடைத்துவிட்டது. இது வைரம்."

சபை எட்டிப் பார்த்தது. எங்கும் ஒரே சலசலப்பு. வக்கணையன் எழுந்து நின்றது.

"நீழமா இருக்கே. நோயுழ்ழ கழ்" என்றது.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டது சிங்கராஜா.

"நீலம்... நோயுள்ள கல், ராஜா" என்று ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னது வக்கணையன். "பழ்வலி. அதுதான் பேச்சு சரியில்லை."

துடுப்பி நரியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிங்கராஜாவின் பக்கம் திரும்பியது.

"ராஜா, நிறம் நோய் என்றால் இதைத் தொட்ட நான் நேற்றே படுத்திருக்க வேண்டும். அழுக்கு என்றால் ஆறு இத்தனை காலம் அடித்த அடிக்குக் கரைந்திருக்க வேண்டும். நிறம் இதன் உள்ளுக்குள் இருக்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே ஊதிப் பாருங்கள்."

துடுப்பி பளிங்கையும் நீலக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. சிங்கராஜா குனிந்து ஊதியது. முந்தின நாள் சாப்பாட்டின் வாடையில் முன்வரிசையில் நின்ற முயல்கள் மூக்கைப் பொத்திக்கொண்டன. பளிங்கு பனி மூடியதுபோல மங்கியது. நீலக்கல் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. துடுப்பி நீலக்கல்லால் பளிங்கில் கோடு போட்டுக் காட்டியது.

"அட" என்றது சிங்கராஜா.

 ஆனால் வக்கணையன் லேசில் விடுகிற நரி அல்ல. ஒரு காலால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பேசியது.

"ராஜா, ஊதுவதும் கீறுவதும் விளையாட்டு. வைரம் உடையாது. இது ஊரறிந்த உண்மை. இந்தக் கல்லைத் திமிலன் குளம்பால் மிதிக்கட்டும். உடையாமல் இருந்தால் வைரம். உடைந்தால் வெறுங்கல். ஒரே மிதியில் தெரிந்துவிடும்."

"இதுதான் நியாயம்" என்றன பல விலங்குகள். சிங்கராஜாவும் தலையாட்டியது. திமிலன் முன்னால் வந்து, பாறைமேல் கல்லை வைக்கச் சொல்லிக் காலைத் தூக்கியது.

துடுப்பி பாய்ந்து போய்க் கல்லின்மேல் படுத்துக்கொண்டது.

"வேண்டாம் திமிலண்ணே. வைரமும் உடையும்."

"பார்த்தீர்களா? பயப்படுகிறாள்" என்றது வக்கணையன்.

"வைரம் உடையும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது சிங்கராஜா.

 கூட்டத்தில் துள்ளி நின்றுகொண்டிருந்தது. துடுப்பி முதல்முறையாக அதன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"நான் உடைத்திருக்கிறேன், ராஜா" என்றது.



"போன வருடம் எனக்குப் பெரிய வெள்ளை வைரம் கிடைத்தது. நெல்லிக்காய் அளவு இருந்தது. உலகத்தில் இதை எதுவும் உடைக்க முடியாது என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். சோதித்துப் பார்க்கும் ஆசையில் பாறையில் வைத்து இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தேன். கத்தியால் நறுக்கினாற்போல இரண்டாகி, அதில் ஒரு துண்டு நொறுங்கிவிட்டது. மிச்சத்தைத்தான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். கிடைத்ததே அவ்வளவுதான் என்று பொய் சொன்னேன். கல் சிறியதாக இருந்ததால் மதங்கியம்மா பாதிக் கோடைக்கு மட்டும்தான் மடுவைத் திறந்துவிட்டார். மீதிக் கோடையில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும்தான். சேற்றை நக்கி உயிர் பிழைத்தவை பல. பிழைக்காதவையும் உண்டு. துள்ளியின் கன்று பிழைக்கவில்லை.

துள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. துடுப்பி கல்லின்மேல் கவிழ்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டது. முட்டித் தள்ளினாலும் தள்ளட்டும் என்று இருந்தது அதற்கு.

துள்ளி முட்டவில்லை. திமிலனுக்கும் துடுப்பிக்கும் நடுவில் போய் நின்றது.

"அதைப் பற்றி நானும் இவளும் பிறகு பேசிக்கொள்கிறோம்" என்றது.  "தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டு ஒருத்தி பேசுகிறாள் என்றால் அது பொய்யாக இருக்காது, ராஜா. இந்தக் கல்லை மிதிக்க வேண்டாம். இதையும் உடைத்துவிட்டால் இந்த வருடம் நம் எல்லார் கன்றுகளும் போய்விடும்."

சிங்கராஜா யோசித்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் அதற்குத் தோன்றியது. அது பிடரியைச் சொறிந்தது.

துடுப்பி மெல்ல எழுந்தது. மனத்தில் இருந்த பாரம் இறங்கிவிட்டதால் அதன் கண்ணும் தெளிந்துவிட்டது. வக்கணையனை உற்றுப் பார்த்தது. நரியின் இடது கன்னம் புடைத்திருந்தது. பேசும்போது நாக்கு ஒரு பக்கமாகப் புரண்டது. ஆயிரம் முறை கல்லைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கரையேறியிருக்கிறது துடுப்பி. கல் அடக்கிய வாய் எப்படிப் பேசும் என்று அதற்குத் தெரியாதா?

"ராஜா, வக்கணையார் சொன்ன சோதனைக்கு நான் சம்மதிக்கிறேன்" என்றது துடுப்பி. "ஆனால் முதலில் அவர் வாயில் இருக்கும் கற்களை மிதிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என் கல்லை மிதிக்கட்டும்."

"வாயில் கல்லா?" என்று திரும்பியது சிங்கராஜா. "வக்கணையா, வாயைத் திற."

"பழ்வலி, ராஜா."

"திற."

சிங்கராஜா அதைக் கர்ஜனையாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னது. ஆனால் மரத்தில் இருந்த குரங்குகள்கூட வாயைத் திறந்தன.

வக்கணையன் வாயைத் திறந்தது. டக், டக், டக் என்று மூன்று கற்கள் பாறையில் விழுந்தன. ஒன்று மஞ்சள். ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை.

"புதைக்கத்தான் ராஜா, புதைக்கத்தான் கொண்டுபோகிறேன்" என்றது வக்கணையன். இப்போது அதன் பேச்சு பழையபடி வழுக்கிக்கொண்டு வந்தது. "மலைக்குப் போகிற வழியில் ஆழமாகக் குழி தோண்டி..."

"நோய்க் கற்கள்தானே?" என்றது துடுப்பி. "போனால் யாருக்கும் நஷ்டம் இல்லையே. திமிலண்ணே, மிதியுங்கள்."

திமிலன் காலைத் தூக்கியது. மலைக்குன்று மேலெழுந்தாற்போல இருந்தது. குளம்பு உச்சிக்குப் போய், கீழே இறங்கத் தொடங்கியது.

"மிதிக்காதே!" என்று அலறிக்கொண்டு வக்கணையன் கற்களின்மேல் விழுந்தது. "உடைந்துவிடும்! ஒவ்வொன்றும் நூறு வெள்ளைக் கல்லுக்குச் சமம்!"

திமிலன் காலை அந்தரத்தில் நிறுத்தியது.

 தான் என்ன சொன்னோம் என்பது வக்கணையனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள வழி இல்லை.

"நூறு கல்லுக்குச் சமமா?" என்றது சிங்கராஜா. "யார் சொன்னது?"

இனி மறைத்துப் பயனில்லை. வக்கணையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ராஜாவோடு மலைக்குப் போயிருந்தபோது, மதங்கி தன் கூட்டத்தாரிடம் பேசியது அதன் காதில் விழுந்ததாம். 'வெள்ளைக் கல் அழகுதான். ஆனால் நிறமுள்ள வைரம் ஒன்று கிடைத்தால் அதற்கு எதையும் கொடுப்பேன்' என்று மதங்கி ஏங்கியதாம். அன்று முதல் வக்கணையன் காத்திருந்தது. வெள்ளைக் கல் கிடைக்காத ஒரு வருடம் வர வேண்டும். அப்போது தான் தனியாக மலைக்குப் போக வேண்டும். நிறக்கல்லைக் கொடுத்து, மடுவில் இறங்கத் தன் பெயர் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு தண்ணீர் வேண்டும் என்கிற விலங்கெல்லாம் நரியின் காலில் விழ வேண்டும். சபை முடிந்த கையோடு மலைக்குக் கிளம்பத்தான் கற்களை வாயில் அடக்கிக்கொண்டு வந்திருந்தது.

"சிங்கராஜாவும்தான்" என்று கடைசியில் மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டது. அந்த நினைப்பு அதற்கு அவ்வளவு இனித்திருக்கிறது, பாவம், மறைக்க முடியவில்லை.

திமிலன் சீறியது. குரங்குகள் கிளைகளை உலுக்கின. சிங்கராஜா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கியது.

"நான் வாய்ப்பேச்சைக் கேட்டுப் பதவி கொடுத்தேன். தப்பு என்னுடையதும்தான்" என்றது. "நாளை மலைக்கு எல்லாரும் போகிறோம். கல்லை நான் கொண்டுபோகவில்லை. துடுப்பி கொண்டுபோகட்டும்."

பங்குனி முதல் நாள் காலை, கருங்காலிக் காட்டு விலங்குகள் வரிசையாக மலையடிவாரத்துக்குப் போயின. எதிரே யானைகள் இறங்கி வந்தன. நடுவில் மதங்கி. நெற்றிப்பட்டத்தில் வெள்ளைக் கற்கள் வரிசையாக மின்னின.

துடுப்பி முன்னால் போய் நீலக்கல்லை மட்டும் கன்னத்திலிருந்து எடுத்து வைத்தது. மற்ற மூன்றும் சிங்கராஜாவின் பாதுகாப்பில் இருந்தன.

மதங்கி தும்பிக்கையை நீட்டியது. நடுவழியில் தும்பிக்கை நின்றது. அந்த யானை கல்லைத் தொடவே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது. அதன் கண்ணோரம் ஈரமானதைத் துடுப்பி பார்த்தது.

"இது உண்மையா?" என்று கேட்டது மதங்கி.

"ஊதிப் பாருங்கள், பெரியம்மா."

மதங்கி தும்பிக்கையால் ஊதியது. அந்தக் காற்றில் துடுப்பியே இரண்டடி பின்னால் போய்விட்டது. கல் மங்கவே இல்லை.

"எங்கே கிடைத்தது?"

"சுழிக்கிடங்குப் பொந்தில். பெரியம்மா, எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. வெள்ளைக் கல்லும் இதுவும் ஒரே ஆற்றில் கிடக்கின்றன. இரண்டும் பளிங்கைக் கீறுகின்றன. அப்படியிருக்க இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு மதிப்பு?"

மதங்கி சிரித்தது. "நீ இதுவரை எத்தனை வெள்ளைக் கல் எடுத்திருப்பாய்?"

"கணக்கே இல்லை. பட்டத்துக்கு உதவாது என்று ஆற்றிலேயே விட்டுவிட்ட பொடிக்கற்களையும் சேர்த்தால் ஒரு பெரிய குவியல் வரும்."

"நிறக்கல்?"

"நாலே நாலு."

"அதுதான் பாதிக் காரணம். அரிதாகக் கிடைப்பது என்பதற்காக மட்டும் ஒன்றை யாரும் போற்றுவதில்லை. ஐந்து கால் கன்றும் அரிதுதான். இது வைரத்தின் உறுதியையும் விடாமல், பூவின் நிறத்தையும் வைத்திருக்கிறது. பூ மாலையில் வாடிவிடும். இது வாடாது. மண்ணுக்குள் கல் உருவாகும்போது வேறு ஏதோ ஒன்று கொஞ்சம் உள்ளே கலந்துவிடுமாம். பல ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான் அப்படி நேரும். அதைக் கறை என்று சொல்பவன் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அது அந்தக் கல்லின் முகம்."

துடுப்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த இருட்டுப் பொந்தில் மூச்சுத் திணறக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

மதங்கி நீலக்கல்லைத் தும்பிக்கை நுனியால் பூப்போல எடுத்தது. பட்டத்தின் நடுவில் இருந்த வெள்ளைக் கல்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நீலத்தைப் பதித்தது. காலை வெயில் பட்டதும் ஒரு துண்டு நீல ஒளி பாறைமேல் விழுந்து ஆடியது. யானைகள் எல்லாம் தும்பிக்கையை உயர்த்திப் பிளிறின.

"இதற்கு ஒரு கோடை போதாது" என்றது மதங்கி. "பத்துக் கோடைக்கு மடு உங்களுக்குத் திறந்திருக்கும். மழை பெய்தாலும் சரி, பொய்த்தாலும் சரி. கொடுத்தவள் நீ. யார் யார் குடிக்கலாம், சொல்."

எல்லா விலங்குகளும் துடுப்பியைப் பார்த்தன. வரிசையின் கடைசியில், வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு வக்கணையன் நின்றது. அதன் நாக்கு வறண்டு தொங்கியது. தன் பெயர் வராது என்று அதற்குத் தெரியும். தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் யார் பெயரையும் சொல்லியிருக்காதே.

துடுப்பி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது.

"முதலில் துள்ளி" என்றது. "அதற்குப் பிறகு எங்கள் காட்டில் மூச்சு விடும் எல்லாரும்."

"எல்லாருமா?" என்று கேட்டது திமிலன், நரியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"எல்லாரும்தான் அண்ணே. தாகத்தைக் காட்டி அடிமைப்படுத்தும் புத்தி அவரோடு போகட்டும், நமக்கு வேண்டாம். அவர் கடைசியில் குடிக்கட்டும்."

விலங்குகள் ஆரவாரம் செய்துகொண்டு மலையேறின. யானைமடு கண்ணுக்கெட்டிய வரை தெளிந்து கிடந்தது. சொன்னபடியே துள்ளி முதலில் இறங்கியது. ஆனால் குடிக்கவில்லை. திரும்பி நின்று, கரையில் தயங்கி நின்ற துடுப்பியைப் பார்த்தது.

"நீயும் வா" என்றது.

துடுப்பி இறங்கிப் பக்கத்தில் நின்றது.  இரண்டும் சேர்ந்து தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தன. அதற்குப் பிறகு சிங்கராஜா இறங்கியது, திமிலன் இறங்கியது, முயல்கள் உருண்டு புரண்டு இறங்கின. குரங்குகள் மரத்திலிருந்தே குதித்தன. மடுவின் தண்ணீர் கரையேறித் தளும்பியது.

அன்று முதல் காட்டின் கல் பரிசோதனை துடுப்பியின் பொறுப்பாயிற்று. துடுப்பி ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தது. எந்தக் கல் வந்தாலும் சபை நடுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் ஊதிப் பார்க்கலாம், கீறிப் பார்க்கலாம். முயல்களும் அணில்களும்கூட வரிசையில் நின்று ஊதின. வக்கணையனும் சில நாள் வந்து வரிசையில் நின்றது. யாரும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அது வாயைத் திறந்து பேசத் தொடங்கினால் மட்டும், "முதலில் வாயைக் காட்டு" என்று அணில்கள் கேட்டன.

ஒரு பொருளின் மதிப்பை, அதை அபகரிக்க நினைப்பவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நாமே சோதித்து அறிந்துகொள்ள வேண்டும்.